விறகுக்குப் பின்னால் ஒரு சம்பந்தி

எந்த வேலையைக் கையால் தொட்டதே இல்லையோ, அதைப் பற்றித்தான் மனிதர்களுக்கு அபாரமான தெளிவு இருக்கும். கார் ஓட்டத் தெரியாதவர்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப முந்திடு, இப்ப முந்திடு" என்பார். அடுப்படிப் பக்கமே போகாதவர்தான் ரசத்தில் மிளகு ஒரு சிட்டிகை குறைகிறது என்பார். அந்த வரிசையில் என்னையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். நான் விறகு அடுக்கியவள்.

பிறந்து வளர்ந்தது கரூரில், ஒரு மாடி வீட்டில். விறகு என்ற பொருளை எங்கள் தெரு டீக்கடை வாசலில் பார்த்ததோடு சரி. படித்தது கம்ப்யூட்டர். வேலை, செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். பெரிய பெரிய கிடங்குகளில் எந்தப் பெட்டியை எங்கே வைக்க வேண்டும், எதன் மேல் எதை அடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லுமில்லையா, அதைச் சொல்லவைப்பதுதான் என் வேலை. எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் கிடங்குக்காரர்கள் நான் சொன்ன இடத்தில் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கிடங்குக்குள் கால் வைத்ததே கிடையாது. (யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை.)

அதே அலுவலகத்தில் முரளியோடு பழகி, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டு, கல்யாணம் செய்துகொண்டு, மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழிக்கு மருமகளாக வந்து சேர்ந்தேன். மாமாவுக்கு நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற அளவுக்கு நிலம், மாடுகள், ஒரு டிராக்டர். அத்தைக்கு வாய். நாத்தனார் தேன்மொழி செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் பிரச்சினையே. என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்தினார்கள். நான் வாளியைத் தூக்கினால், "வுடும்மா, கை நோவும்" என்பார் அத்தை. துடைப்பத்தை எடுத்தால், "நீ போய் லேப்டாப்புல வேலையப் பாரு" என்பார் மாமா. ஒருநாள் அத்தை பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நல்ல பொண்ணுதான். சொம்மா டைப்பு அட்ச்சிகினே கீது. வூட்டு வேல ஒன்னும் தெர்யாது, பாவம்."

திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்தப் 'பாவம்' என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த ஐப்பசியில் அடித்த காற்றில் எங்கள் வயலோரத்துப் புளியமரம் வேரோடு சாய்ந்தது. மாமா ரம்ப மெஷின்காரரைக் கூப்பிட்டுத் துண்டு போட்டு, டிராக்டரில் ஏற்றி வந்து வாசலில் கொட்டினார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் குவியலைத் திருப்தியாகப் பார்த்தார்.

"நம்ப தேனு கல்யாணத்துக்கு ஆச்சு. கேஸ் சிலிண்டர நம்பிகினு இருக்க வேணாம்."

மாப்பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. விறகு கிடைத்துவிட்டது. மாமா எப்போதும் அப்படித்தான், முடிவிலிருந்து தொடங்குவார்.

அடுத்த மழை வருவதற்குள் விறகை எடுத்து வைத்தாக வேண்டும். மாட்டுக் கொட்டகையில் ஒரு ஓரமாகப் போட்டுவிடலாம் என்று மாமா கிளம்பினார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, அத நான் அடுக்கறனுங்க."

"எத்த?"

"வெறகத்தானுங்க."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை முரளியைப் பார்த்தார். முரளி கைப்பேசியைப் பார்த்தான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் வீடியோ பார்த்தேன். பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரில் தாடிக்காரர் ஒருவர் விறகை மதில் மாதிரி, கோபுரம் மாதிரி, ஒன்றிரண்டு இடங்களில் மலர் வளையம் மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் விறகெல்லாம் ஒரே அளவு, ஒரே தடிமன், அழகாகப் பிளந்தது. எங்கள் புளியங்கட்டைகளோ ஒன்று யானைக்கால் மாதிரி, ஒன்று கோணல் வாழைப்பழம் மாதிரி. இந்தச் சின்ன வித்தியாசம் என் கண்ணில் படவில்லை.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் என் தொழில் புத்தி வேலை செய்தது. மாட்டுக் கொட்டகை தூரம். ஆனால் வீட்டுக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. மேலே தகரக் கூரை, கீழே சிமெண்ட் தரை, மழை படாது. ஒருவர் நடந்துபோக வழி விட்டாலும் மீதி இடம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் இடத்தைப் பார்த்தால் எங்கள் துறையில் இருப்பவர்களுக்குக் கை அரிக்கும்.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். உள்பக்கம் திறக்கிற மாதிரிதான் முதலில் வைத்தார்களாம், அது டாய்லெட் பீங்கானில் இடித்ததால் திருப்பி மாட்டிவிட்டார்கள். நான் விடுவேனா. கதவை முழுதாகத் திறந்து வைத்து, அது சுற்றி வரும் அரைவட்டத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். அந்தக் கோட்டுக்கு வெளியே, வீட்டுச் சுவரோரமாக மட்டும்தான் விறகு. அத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கோலமா?"

"அளவுங்க அத்தை."

"வெறகுக்கு இன்னா அளவு?"

நான் சிரித்துக்கொண்டேன். கற்றவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பின் மேலேயே ஒரு கட்டையைப் போடலாம் என்று தோன்றுகிறது.

சனி, ஞாயிறு முழுக்க அடுக்கினேன். இடுப்புயரம் வந்ததும் மாமா வந்து பார்த்துவிட்டு, "போதும்மா, மீதிய கொட்டாய்ல போட்டுக்கலாம்" என்றார். நான் கேட்கவில்லை. தோளுயரம் வந்தது. முரளி வந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"சுகன்யா, இது நிக்குமா?"

"நிக்காம எங்க போகும்?"

என் தலைக்கு மேலே ஒரு சாண் போனதும்தான் நிறுத்தினேன். வெட்டு முகமெல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி வட்ட வட்டமாக, அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஒரு போட்டோ எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதயங்கள் குவிந்தன. எங்கள் மேலாளர், "இதுதான் நேர்த்தி" என்று எழுதி, அடுத்த வாரம் வாடிக்கையாளருக்குக் காட்டுகிற விளக்கப் படங்களில் அதைச் சேர்த்தும்விட்டார். அன்று இரவு கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, இனி இந்த வீட்டில் யாரும் என்னைப் பாவம் என்று சொல்ல முடியாது என்று நினைத்தபடி படுத்தேன்.

அதற்கடுத்த வாரமே தேன்மொழிக்கு ஒரு வரன் வந்தது. மாமாவின் நம்பிக்கை வீண் போகவில்லை. பையன் பெயர் பிரகாஷ், ஊர் சதுரங்கப்பட்டினம், கல்பாக்கத்தில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். அப்பா ஏழுமலை, மீன்பிடிப் படகுகளுக்கு இஞ்சின் பழுது பார்ப்பவர். அம்மா சரோஜா. போட்டோவைப் பார்த்ததும் தேன்மொழி, "பரவால்ல" என்றாள். தேன்மொழியின் அகராதியில் அது மிக உயர்ந்த பாராட்டு. ஆனால் என்னிடம் தனியாக வேறொன்று சொன்னாள்.

"அண்ணி, வேலைய வுடச் சொன்னா எனக்கு இந்த இடமே வேணாம். படிச்சு வந்த வேல."

இதற்கு முன் வந்த இடம் அந்த ஒரு காரணத்தில்தான் தட்டிப்போயிருந்தது. மறுபடியும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று வீட்டில் எல்லாரும் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தோம்.

அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்துப் பக்கம் போன எனக்குச் சின்னதாக ஓர் அதிர்ச்சி. என் விறகு மதிலுக்குத் தொப்பை விழுந்திருந்தது. பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், அடுக்கு தளரும் என்பதையெல்லாம் அந்தத் தாடிக்காரர் சொல்லியிருப்பார், நான்தான் அந்த இடத்தைத் தாண்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன். மதிலின் நடுப்பகுதி குளியலறையைப் பார்த்து மெல்லப் பிதுங்கிக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் வருகிற நாளில் பிரித்து அடுக்க நேரமில்லை. கொல்லையில் கிடந்த ஒரு சவுக்குக் கொம்பை எடுத்து வந்து, ஒரு முனையைத் தொப்பையிலும் மறுமுனையைத் தரையிலும் கொடுத்து முட்டு வைத்தேன். அசைத்துப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றது.

முட்டுக் கொம்பின் கால் எங்கே நிற்கிறது என்று நான் பார்க்கவில்லை. சாக்பீஸ் கோடு முந்தின நாள் தெறித்த தண்ணீரில் அழிந்துபோயிருந்தது. (எங்கள் துறையில் இதற்குப் பெயர் உண்டு. சோதனையெல்லாம் முடிந்த பிறகு, கடைசி நிமிடத்தில் யாரிடமும் சொல்லாமல் ஒரு திருத்தம் போடுவது. அப்படிப் போட்டவர்களை நானே திட்டியிருக்கிறேன்.)

மத்தியானத்துக்கு மேல் அவர்கள் வந்தார்கள். மூன்று பேர்தான். பிரகாஷ் வெள்ளைச் சட்டையில் கூச்சமாக உட்கார்ந்திருந்தான். சரோஜா அம்மா கலகலவென்று பேசினார். ஏழுமலை மட்டும் பேசவே இல்லை. நல்ல ஆகிருதி, முறுக்கு மீசை, முகத்தில் ஒரு கடுகடுப்பு. மாமா மழையைப் பற்றிக் கேட்டார், அவர் தலையை ஆட்டினார். கடலைப் பற்றிக் கேட்டார், அதற்கும் தலைதான். கேசரியைத் தொடவில்லை. பஜ்ஜித் தட்டை விரலால் தள்ளி வைத்தார். அத்தை சமையலறைக்குள் வந்து என் காதில், "இன்னாடி இந்த மனுசன், சாவு வூட்டுக்கு வந்தா மாரி குந்திகினு கீறாரு" என்றார்.

தேன்மொழி காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். சரோஜா அம்மா பிரியமாகத்தான் கேட்டார்.

"வேலைக்கிப் போற இல்ல? செங்கல்பட்டுதானே? அது சரி, இப்ப போவலாம். கண்ணாலம் ஆச்சுன்னா எதுக்கு அந்தப் பேஜாரு? எங்கூர்ல இருந்து செங்கல்பட்டு இன்னா பக்கமா?"

தேன்மொழியின் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டதை நான் பார்த்தேன். பிரகாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஏழுமலை எழுந்து நின்றார். அவ்வளவுதான், கிளம்பப் போகிறார்கள் என்று மாமாவும் எழுந்தார்.

"பாத்ரூம் எங்க கீது?" என்றார் ஏழுமலை. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம்.

நான்தான் வழி காட்டப் போனேன். முரளி போயிருக்கலாம், மாமா போயிருக்கலாம். நானாகத்தான் முந்திக்கொண்டு எழுந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நெருக்கடியிலும் அவர் என் விறகு மதிலைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று இருந்தது. அவர் நின்று பார்த்தார்.

"யாரு அடுக்குனது?"

"நானுங்க."

"ம்."

கொஞ்சம் வேகமாகவே கதவை இழுத்துத் திறந்தார். கதவு போய் முட்டுக் கொம்பில் மோதியது. கொம்பு வழுக்கி விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் கொம்பை எடுக்கக் குனிந்தேன். அப்போது எனக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விடுவது போல் ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் மதில் நகர்ந்துகொண்டிருந்தது. நான் பாய்ந்து வீட்டுப் படியில் ஏறியதுதான் தெரியும். வயலோரம் நின்ற மரம் மறுபடியும் ஒருமுறை சாய்ந்த மாதிரி எல்லாம் சரிந்து, குளியலறைக் கதவின் பாதி உயரத்துக்குக் குவிந்து நின்றது.

தூசி அடங்கியது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு?"

நான் படியிலிருந்து இறங்கக் கால் வைக்க இடம் தேடினேன்.

அதற்குள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். சரோஜா அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரு எங்க?"

நான் விறகுக் குவியலைக் கை காட்டினேன். அது அந்த நாளின் இரண்டாவது பெரிய தவறு. சரோஜா அம்மா குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அய்யோ, என் ராசா" என்று ஆரம்பித்துவிட்டார். மாமா கட்டைகளைப் பிடித்து வெறி பிடித்தவர் மாதிரி இழுத்தார். அத்தை சாமியைக் கூப்பிட்டார்.

"சரோஜா," என்று கதவுக்குப் பின்னாலிருந்து நிதானமாகக் கேட்டது. "நான் நல்லாத்தான் கீறேன். கத்தாத. ஊரு கூடிடப் போவுது."

சரோஜா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே கோபத்துக்கு மாறினார். "அப்ப வெளிய வர வேண்டிதானே?"

"கதவு தொறக்கல. வெளிய இன்னாத்த போட்டு வச்சிகினு கீறீங்க?"

"வெறகுங்க," என்றேன் நான்.

முரளி அடியிலிருந்து ஒரு கட்டையை உருவினான். மேலே இருந்தவை இன்னும் கொஞ்சம் இறங்கி, கதவை இன்னும் நெருக்கிக்கொண்டன. உள்ளேயிருந்து, "இப்ப இன்னா?" என்று கேட்டது. பிறகுதான் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும் என்று முடிவானது. சந்தில் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடமில்லை. எனவே முரளி எடுத்து மாமாவிடம் கொடுக்க, மாமா என்னிடம் கொடுக்க, நான் கொல்லைப் பக்கம் திரும்பித் தேன்மொழியிடம் கொடுக்க, அவள் குளியலறைக்குப் பின்னால் போட வேண்டும் என்று வரிசை கட்டினோம். பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக அவள் அந்தக் கட்டைகளை வாங்கிக்கொண்டிருந்தாள். பிரகாஷ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கட்டை கையில் வரும்போதெல்லாம், இந்தக் கல்யாணம் நின்றுபோகப் போவது என்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன். இனி அத்தை என்னைப் பாவம் என்றுகூடச் சொல்ல மாட்டார், வேறு ஏதாவது சொல்வார்.

குளியலறையின் பின்சுவரில், உயரத்தில், ஒரு வென்டிலேட்டர் ஜன்னல் உண்டு. அதிலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது.

"கொஞ்சம் காபி கெடைக்குமா?"

மாமா திகைத்துப்போனார். "பாத்ரூமுக்குள்ளயா அண்ணாத்த?"

"வேற எங்க குடிக்கறது? உள்ள ஒரு பேப்பரு கூட இல்ல படிக்க."

அத்தை ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, டம்ளரை ஜன்னல் வழியாக நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. "சக்கர கொஞ்சம் கம்மி" என்றது குரல். அத்தை இறங்கி வந்து என்னைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. அழுகையோ என்று பயந்தேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவர் சமையலறைக்குள் ஓடியபோதுதான் அது சிரிப்பு என்று புரிந்தது.

அப்படி விறகு கை மாறிக்கொண்டிருந்தபோதுதான், வரிசையின் கடைசியில் அந்தப் பேச்சு நடந்தது. நான் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சேல அழுக்காவுது. நீங்க ஒதுங்குங்க, நான் பாத்துக்கறேன்," என்றான் பிரகாஷ்.

"அழுக்கானா தொவைச்சுக்கலாம். உங்க சட்டதான் போச்சு."

ஒரு கட்டை போனது. இன்னொன்று போனது.

"எங்கம்மா கேட்டப்ப நான் ஒன்னும் பேசல," என்றான். "தப்பா நெனச்சிக்காதீங்க."

"தப்பா நெனைக்கல. ஆனா இப்பவே சொல்லிட்றேன். நான் வேலைய வுட மாட்டேன். அப்பால சண்ட வேணாம்."

"வுட வேணாம். எனக்கும் அதான் இஷ்டம். அம்மாவ சமாளிச்சிருவேன். அப்பாகிட்டதான் எப்டி சொல்றதுன்னு தெர்ல."

தலைக்கு மேலே ஜன்னலிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

"சொல்லிட்ட இல்ல," என்றார் ஏழுமலை. "கேட்டுச்சு."

பிரகாஷ் கையிலிருந்த கட்டையைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். தேன்மொழி அசையாமல் நின்றாள். சந்தில் முரளியும் மாமாவும் கட்டையை ஏந்தியபடி அப்படியே நின்றுவிட்டார்கள்.

"யம்மா, தேன்மொழி," என்று ஜன்னல் கூப்பிட்டது.

"சொல்லுங்க," என்று தேன்மொழி ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கூர்லருந்து செங்கல்பட்டு போவணும்னா பஸ்ஸு மாறணும். மழ பேஞ்சா பஸ்ஸே வராது. தெர்யுமா?"

"தெர்யும்."

"தெர்ஞ்சிதான் கேக்கறியா?"

"ஆமா."

"அப்ப சரி. போய்ட்டு வா," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "டம்ளர யாராச்சும் வாங்கிக்கங்க" என்றார்.

அதற்குப் பிறகு விறகு நகர்ந்த வேகத்தை இன்றுவரை எந்தக் கிடங்கிலும் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

கதவு திறந்து அவர் வெளியே வந்தபோது நாங்கள் எல்லாரும் புழுதியில் குளித்திருந்தோம், அவர் மட்டும் முகம் கழுவிப் பளிச்சென்று இருந்தார். கடுகடுப்பைக் காணோம். நேராக என்னிடம் வந்து நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீதானேம்மா அடுக்குனது?"

"ஆமாங்க. மன்னிச்சுக்கங்க."

"அடுக்குனது போவட்டும். அந்த பஜ்ஜி இன்னும் கீதா?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வருகிற வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு கடையில் வடை சாப்பிட்டிருக்கிறார். வயிறு புரட்ட ஆரம்பித்துவிட்டது. பெண் பார்க்க வந்த வீட்டில் வந்ததும் வராததுமாக எப்படிக் கேட்பது என்று வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். நாங்கள் சம்பந்தி முறைப்பு என்று பயந்ததெல்லாம் வெறும் வடை. "உண்மையச் சொல்லட்டா," என்றார் மாமாவிடம், பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தபடி, "வந்ததுலருந்து எனக்கு நிம்மதியே அந்தக் கதவு மாட்டிகினதுக்கு அப்பாலதான். யாரும் அவசரப்படுத்த முடியாது பாரு."

வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. கொல்லையில் கிடந்த விறகு நனைந்துவிடக் கூடாதென்று எல்லாருமாகச் சேர்ந்து மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கினோம். செங்கல் வரிசை போட்டு அதன் மேல் இடுப்புயரத்துக்கு மட்டும், இரண்டு ஓரத்திலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டை கொடுத்து அடுக்கினார்கள். நானும் தூக்கினேன். யாரும் 'வுடும்மா, கை நோவும்' என்று சொல்லவில்லை. சொல்வதற்கு யாருக்கும் நேரமில்லை. மழை இறங்கியபோது கொட்டகைக்குள் மாடுகளோடு மாடுகளாக எல்லாரும் ஒண்டிக்கொண்டு நின்றோம். தேன்மொழியின் உள்ளங்கையில் சிராய் ஏறியிருந்தது. சரோஜா அம்மா அவளை ஒரு கட்டை மேல் உட்காரவைத்து, தன் சேலை ஊக்கைக் கழற்றிச் சிராயை எடுக்க ஆரம்பித்தார். தேன்மொழி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஊருக்கே ஊசி குத்தற பொண்ணு, இதுக்கா கண்ண மூட்ற?" என்றார் சரோஜா அம்மா. ஊக்கை மெதுவாக நகர்த்திக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். "காலீல எத்தினி மணிக்கு வேலைக்குக் கெளம்பணும் நீ? சோறு கட்டிக் குடுக்கணும் இல்ல."

தேன்மொழி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு வந்துவிட்டது. அத்தை என் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"இன்னாத்துக்கு அழுவற? நல்லதுதானே நடந்துகீது. போய் மூஞ்சியக் கழுவு." ஒரு நொடி யோசித்து, "கதவ மட்டும் தாப்பா போடாத" என்றார்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. புளியங்கட்டை நன்றாகக் காய்ந்து கணகணவென்று எரிந்ததாகச் சமையல்காரர் சொன்னார். தேன்மொழி இன்றும் பஸ் மாறித்தான் வேலைக்குப் போகிறாள். மழை நாட்களில் பிரகாஷ் திருக்கழுக்குன்றம் வரை வண்டியில் கொண்டுவந்து விடுகிறான். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு மாமா பக்கவாட்டில் நகர்கிற கதவு போட்டுவிட்டார். என்னை யாரும் கண்ணாடிப் பாத்திரமாக நடத்துவதில்லை. இவ்வளவு சேதம் செய்யக் கூடியவளுக்கு வாளி தூக்கத் தெம்பு இருக்கும் என்று கண்டுகொண்டார்கள்.

ஆனால் அந்த நாள் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. எங்கே பெண் பார்க்கப் போனாலும், பையனும் பெண்ணும் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்றால் எங்கள் ஆட்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. "பசங்கள வெறகு அடுக்க அனுப்புங்க" என்பார்கள்.

போன மாதம் முரளியின் சித்தப்பா மகனுக்குப் பெண் பார்க்கப் பொத்தேரிக்குப் போயிருந்தோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்தாவது மாடி. ஏழுமலை மாமா கொண்டுவந்த வரன், அதனால் அவர்தான் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பேச்சு முடிந்து எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நேரம் வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்பறம் இன்னா, ரெண்டு பேரையும் வெறகு அடுக்க அனுப்புங்க."

பெண்ணின் அப்பா குழம்பிப்போனார். "நம்ம கிட்ட இண்டக்‌ஷன் அடுப்புதாங்க இருக்கு," என்றார் மரியாதையாக.

முரளி விஷயத்தை விளக்கினான். எப்போதும் போல நான் விழுந்தடித்து ஓடியதாகக் கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்தான். அறை முழுக்கச் சிரிப்பு. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, அது போதுமா என்று கேட்டார். தாராளமாகப் போதும் என்றார் ஏழுமலை மாமா. பையனும் பெண்ணும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார்கள். வாளி, குவளை எல்லாம் இருக்குமோ இருக்காதோ, எடுத்துக் கொடுக்கலாமே என்று நானும் எழுந்தேன்.

"நீ எங்கம்மா போற?" என்றார் ஏழுமலை மாமா. "நீ ஒன்னுத்தையும் தொடாத. இப்டி வந்து என் பக்கத்துல குந்து."